கேட்கத் தெரியாதவர்

அரசு வாகனத்தின் எந்தப் பாகத்தையும் உரிய அலுவலரின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றிக் கழற்றக் கூடாது. கழற்றியதை அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கு வெளியே பிரிக்கக் கூடாது. பிரித்ததை எக்காரணம் கொண்டும் தனியார் இல்லத்தில் வைத்திருக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முப்பத்து நான்கு வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மண்ணெண்ணெய் ஊற்றிய குழம்புச் சட்டியைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் என் வருத்தம்.

அவர் எங்கள் மலை அலுவலகத்தின் டிரைவர். பெயர் வேண்டாம். நான் எழுதியது தெரிந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்; அதைத்தான் என்னால் தாங்க முடியாது. எந்தத் துறை என்பதும் வேண்டாம். எல்லாத் துறையிலும் ஒரே கோப்பு, ஒரே பச்சை மை. அவர் கொல்லிமலையிலேயே பிறந்தவர். மலையின் ஒரு பகுதியான அரியூர் நாட்டில் வீடு, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி. நான் கரூர்ப் பக்கத்து ஆள். பதவி உயர்வு கொடுத்துக் கண்காணிப்பாளராக மலைக்கு ஏற்றினார்கள். கீழே ஓடித் தேய்ந்ததெல்லாம் மேலே வரும் என்பது மலை அலுவலகங்களின் எழுதப்படாத விதி. அந்த வருடம் எங்களுக்கு வந்தவை கைப்பிடி உடைந்த நாற்காலிகள் இரண்டு, வெள்ளைக் கார் ஒன்று, பிறகு நான்.

அந்த மனிதருக்குக் கேட்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்; மலைப்பாதையின் எழுபது வளைவிலும் எதிரே வரும் லாரியின் சத்தத்தை இரண்டு வளைவுக்கு முன்பே பிடித்துவிடுவார். இன்னொருவரிடம் போய் ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் வாய் வராது. சோளக்காடு என்ற மலை ஊரில் நாங்கள் வழக்கமாக நிறுத்தும் டீக்கடையில் போய் பெஞ்சில் உட்காருவார். டீ வேண்டும் என்று சொல்ல மாட்டார். கடைக்காரருக்கு ஞாபகம் வந்தால் டீ வரும். ஒருநாள் பழ வியாபாரிகள் கூட்டத்தில் மறந்துவிட்டார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்து காரை எடுத்தார்.

"டீ குடிச்சாச்சா?" என்றேன்.

"இல்லீங்க சார்."

"அப்ப அரைமணி நேரம் அங்க என்ன பண்ணினீங்க?"

"உக்காந்திருந்தனுங்க."

ஒருமுறை கூட்டத்துக்காகச் சேலம் போனோம். கூட்டம் நடக்கும் கட்டடம் புதிது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரே மேம்பாலத்தில் மூன்றாவது தடவை ஏறியபோது, "யாரையாவது கேளுங்களேன்" என்றேன். "கண்டுபிடிச்சரலாமுங்க" என்றார். கண்டுபிடித்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்குக் கல்யாணம் வைத்தபோதும் அப்படித்தான். விடியலில் முகூர்த்தம். பத்து மணிக்கு மார்பில் சந்தனம் காயாமல் அலுவலகத்தில் வந்து நின்றார். பத்திரிகை கொடுத்திருந்தார், எனவே விடுப்பில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடுப்பு கேட்கவில்லை என்பது அவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தை நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நானே அனுமதித்து, அவரை வீட்டுக்குத் துரத்தினேன். பணிக்காலம் முழுவதிலும் அவர் பெயரில் இருந்த ஒரே விடுப்பு விண்ணப்பம் என் கையெழுத்தில் இருக்கிறது.

அவருக்குச் சேர்த்து வாய் வைத்திருந்தவர் அவர் மனைவி. தன் கைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க சார், இவரு செருப்பு பிஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க, ஆபீசுல ஷூ குடுப்பாங்களாமே, வந்துருச்சுங்களா?" என்று கேட்பார். வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அலமாரியில் இருக்கும். இவர் கேட்டிருக்க மாட்டார். "வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாட்ட இருக்குதுங்க இவருக்கு. கண்ணாலம் பண்ணிக்கறீங்களான்னு எங்கப்பன்தான் போயிக் கேட்டாரு. இல்லீன்னா இன்னும் கெணத்து மேட்டுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு" என்பார். இதையே நேரில் சொல்லும்போதும் அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மறுக்க மாட்டார்.

இனி காருக்கு வருகிறேன். இன்ஜினைக் கிளப்பும் அதன் செல்ப் மோட்டார் தேய்ந்துவிட்டிருந்தது. இது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் அவர் சொல்லவில்லை. காரை எங்கே நிறுத்தினாலும் மேட்டில், மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார். நான் ஏறி உட்கார்ந்ததும் பிரேக்கை விடுவார். கார் தானாக உருளும். கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார். ஒரு குலுக்கலோடு இன்ஜின் உயிர் பெறும். நான் டீசல் சிக்கனம் என்று எண்ணிக்கொண்டு மனதுக்குள் பாராட்டினேன்.

பிறகு கவனித்தால், எங்கள் ஆய்வுகளெல்லாம் மேட்டில் நிறுத்த வசதியுள்ள ஊர்களிலேயே நடந்துகொண்டிருந்தன. பள்ளத்து ஊர்களின் முறை வரும்போதெல்லாம் அவர் காரை மேலே ரோட்டிலேயே விட்டுவிட்டு, "நடந்துரலாமுங்க சார், பக்கந்தான்" என்பார். வயல் வரப்பில் இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் அவருடைய பக்கம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவரும்.

ஒருநாள் வேறு வழியில்லாமல் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் கார் சிக்கிக்கொண்டது. தட்டையான மைதானம். சாவியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் டக். பள்ளிக்கூட வாசலில் பத்து ஆண்கள் நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்துப் பேரும் வந்து தள்ளுவார்கள். அவர் சொல்லவில்லை. கீழே இறங்கினார். கதவைத் திறந்து வைத்து, ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, கதவோரத் தூணில் தோளைக் கொடுத்துத் தனியாகத் தள்ள ஆரம்பித்தார். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்த மனிதர். கார் நகர்ந்தது. கூடவே ஓடினார். ஓட்டத்திலேயே உள்ளே தாவினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பத்து ஆண்களும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பின்சீட்டில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் இறங்கியிருக்க வேண்டும் என்பது அலுவலகம் திரும்பிய பிறகுதான் தோன்றியது.

அன்று மாலையே மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அவருக்கு என்ன தெரியாதோ, அது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்பதற்கென்றே அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. வாகனத்தின் எண், ஓடிய தூரம், பழுதின் விவரம், பணிமனைக்கு அனுப்ப அனுமதி வேண்டல், இணைப்பு இரண்டு. பதில் இல்லை. முப்பது நாளில் முதல் நினைவூட்டு. அதற்கும் இல்லை. பதினைந்து நாளில் இரண்டாம் நினைவூட்டு. அதில் 'அவசரம்' என்று அடிக்கோடு. கீழே கேட்டபோது, கோப்பு மேசையில் இருக்கிறது என்றார்கள். யார் மேசையில் என்பதற்குப் பதில் இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மனைவி கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு நம்மூட்டுக்கு வாங்க சார். பலா பழுத்துருக்குது. தனியாச் சமைச்சு என்னத்தத் திங்கறீங்க?"

போனேன். வாசலில் ஒரு கார் பேட்டரி இருந்தது. எங்கள் காரின் பேட்டரி. அதன் மேல் நானே வெள்ளைப் பெயின்டில் எழுதிய அலுவலக எண் இருந்தது. அடுப்படியில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே விரித்த சாக்கில், விதிப்படி எங்கே இருக்கக் கூடாதோ அங்கே, எங்கள் செல்ப் மோட்டார் துண்டுதுண்டாகக் கிடந்தது.

"பாருங்க சார் இந்தக் கூத்த" என்றார் மனைவி. "நேத்து சோளக்காட்டுல பஸ் ஏறயில ரெண்டு சாக்கு மூட்ட. கண்டக்டரு மெளகான்னு கேட்டிருக்காரு. இல்லீங்கன்னுருக்காரு. அவ்வளவுதான். என்னன்னு கண்டக்டரும் கேக்கல, இவரும் சொல்லல. ஊட்டுக்கு வந்து எங் கொழம்புச் சட்டியத் தூக்கி மண்ணெண்ணெய ஊத்திட்டாரு. சட்டியக் குடுன்னு ஒரு வார்த்த கேட்டாரான்னு கேளுங்க."

"அனுமதி இன்னும் வரலையே" என்றேன். என் வாயில் வேறு என்ன வரும்?

"ஆமாங்க சார்" என்றார் அவர். வேலையை நிறுத்தவில்லை.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். பலாப்பழ வாசனை வந்தது. முக்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

பிறர் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் கண்காணிப்பாளரின் வேலை. ஆனால் அன்று பார்த்ததுபோல் நான் என்றும் பார்த்ததில்லை. மோட்டாரின் கூட்டைப் பிரிக்கும் முன்பே மூன்று துண்டுகளுக்கும் குறுக்கே குங்குமத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார், திரும்பப் பூட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும் என்பதற்காக. நடுத்தண்டான ஆர்மேச்சரின் முனையில் செம்பு வளையம் தீய்ந்து கரியாக இருந்தது. உப்புத்தாளை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, வளையத்தைச் சுற்றிப் பிடித்து, தண்டைத் தொடையில் வைத்து உருட்டினார். கரி போய்ப் புதுக் காசு மாதிரி செம்பு வந்தது. வளையத்தின் மேல் வரிவரியாக இருந்த பள்ளங்களில் அடைந்த தூளை, ஒடிந்த ரம்பப் பிளேடின் முனையால் ஒவ்வொன்றாகக் கீறி எடுத்தார். தண்டு சுழலும் பித்தளை வளையம் தேய்ந்து ஆடியது. புதியது ஒன்றை முதல் நாளே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். மரக்கட்டையை மேலே வைத்து, சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்கினார். காளப்பநாயக்கன்பட்டியில் வாங்கி வந்த, செம்பை உரசி மின்சாரம் கொடுக்கும் புதுக் கார்பன்கள் நான்கும் ஒரு தாளில் இருந்தன. பழைய கார்பன்கள் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவற்றை என்னிடம் நீட்டினார். அறிக்கை கொடுக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

பிறகுதான் வம்பு. நான்கு கார்பன்களும் நான்கு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். நான்கையும் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளிப் பிடித்தால்தான் செம்பு வளையம் நடுவே நுழையும். இரண்டு கையால் நான்கைப் பிடிக்கவும் வேண்டும், தண்டை இறக்கவும் வேண்டும். மூன்றைப் பிடித்தார், நான்காவது துள்ளியது. மறுபடி பிடித்தார், இரண்டு துள்ளின. ஒன்று பறந்து போய்ப் பருப்புக் குண்டானில் விழுந்தது.

"கார்பன் போட்ட பருப்புங்க சார்" என்றார் மனைவி. "நாம் புடிக்கறேன்னா உங் கையி மாவுங்கறாரு. மாவு அந்தாப்பல கழுவுனாப் போகாதாக்கும்?"

அரைமணி நேரம் ஆனது. நான் முக்காலியில் இருந்தேன். அவருடைய நெற்றி வியர்வை மூக்கில் இறங்கி, மூக்கிலிருந்து மோட்டாரில் சொட்டியது. ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. குனிந்துகொண்டார். எனக்கு அந்தப் பள்ளிக்கூட மைதானம் ஞாபகம் வந்தது.

முக்காலியை விட்டுக் கீழே உட்கார்ந்தேன். வேட்டியை மடித்துக்கொண்டு, இரண்டு கார்பன்களை இரண்டு கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தேன். அவர் மற்ற இரண்டையும் ஒரே கை விரல்களால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்டை இறக்கினார். சட்டென்று உட்கார்ந்தது. குங்குமக் கோடு கோட்டோடு சேர்ந்தது. அவர் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் கட்டைவிரல்களின் கரி மூன்று நாள் போகவில்லை.

வாசலில் மோட்டாரைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரியிலிருந்து வயரைத் தொட்டார். காலுக்கடியில் மாட்டிய கன்றுக்குட்டிபோல் அது துள்ளிச் சுழன்றது. "கையக் கழுவுங்க, எல வெச்சாச்சு" என்றார் மனைவி. சாமைச் சோறும் பருப்பும். பருப்பை நான் கொஞ்சம் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை கார் சாவியின் அரைத் திருகலில் கிளம்பியது. அன்றுதான் என் வாழ்க்கையின் பெரிய தவறைச் செய்தேன். வேறு எந்த மனிதரும் அதைச் செய்திருக்க மாட்டார். கோப்போடு வாழ்ந்தவன் மட்டுமே செய்வான். கார் ஓடுகிறது, ஆனால் கோப்பு திறந்து கிடக்கிறது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. நான்காவது கடிதம் எழுதினேன். மேற்படி பழுது ஓட்டுநரால் அவரது இல்லத்தில் அவரது சொந்த முயற்சியில் சீர்செய்யப்பட்டுவிட்டதால், பார்வையில் காணும் கடிதங்களின் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை எனப் பணிந்து தெரிவித்தேன்.

பழுதைச் சொன்ன மூன்று கடிதங்களுக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை. பழுது தீர்ந்தது என்ற கடிதத்துக்கு ஐந்தாம் நாள் பதில் வந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அவர் பெயருக்கு. அரசுச் சொத்தான மோட்டாரையும் பேட்டரியையும் அனுமதியின்றிக் கழற்றித் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றார் என்பது குற்றச்சாட்டு.

அதை அவரிடம் சார்வு செய்து, அதாவது கையில் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டியவன் நான்தான். அவர் படித்தார், போட்டார். மறுநாள் மனைவி நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"திருடன்னா எழுதிருக்குது சார்?"

"அப்படி எழுதலைங்க. எடுத்துட்டுப் போனார்னு..."

"கேக்காம எடுத்துட்டுப் போனா அதுக்கு வேற என்னங்க பேரு? முப்பது வருசம் ஓட்டுனவருங்க. கடைசீல இப்பிடி ஒரு பேரோடயா ஊட்டுக்கு வரோணும்?"

நவம்பர் கடைசியில் அவருக்கு ஓய்வு. குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால், ஓய்வு பெறும் நாளன்றே பணியிடை நீக்கம் செய்து ஆணை அனுப்புவது உண்டு. பலருக்கு நடந்திருக்கிறது. மாலையும் சால்வையும் வாங்கி வைத்திருப்பார்கள். நான்கு மணிக்கு உறை வரும். அந்த மனிதர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் வீட்டுக்குப் போவார்.

பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். வரைவை நான் எழுதித் தந்தேன். 'மன்னித்தருளுமாறு வேண்டுகிறேன்' என்று முடித்திருந்தேன். அவர் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்து எழுதினார். மோட்டாரைக் கழற்றினேன், சரிசெய்தேன், மாட்டினேன், ஓடுகிறது. குறிப்பாணையின் கடைசிக் கேள்வி, இச்செயலில் வேறு எவரேனும் உதவினரா என்பது. வரைவில் அந்த இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் அதில் 'எவரும் உதவவில்லை' என்று எழுதியிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "ஏங்க இப்படி எழுதினீங்க? நான் பிடிச்சேனே?"

"நா உதவி கேக்கவே இல்லீங்களே சார்."

"கேக்கலை. ஆனா பிடிச்சேன்ல?"

"கேக்காத உதவிய எப்பிடிங்க எழுதறது?"

இதற்கு எந்த விதித் தொகுப்பிலும் பதில் கிடையாது. விளக்கத்தை உரிய வழியாக மேலனுப்பினேன். உரிய வழி என்பது நான்தான். கையெழுத்துப் போடும்போது என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன். சுத்தமாக இருந்தது.

நவம்பர் கடைசி வேலைநாள். விடியலிலிருந்து மழையும் மூடுபனியும். வழியனுப்புவதற்காக மனைவியும் வந்திருந்தார். கீழே போய் மாவட்ட அலுவலகத்தில் தபால் பை வாங்கி வருவது டிரைவரின் வேலை. தபால் நாளும் அன்றுதான். மின்னஞ்சல் உண்டு, ஆனால் பணியிடை நீக்க ஆணையை மூலப்படியாகக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அன்று மாலை 5.45க்குள் கொடுக்காவிட்டால் அது வெறும் தாள். அப்படி ஓர் ஆணை போடப்பட்டிருந்தால், அதைத் தானே எழுபது வளைவு இறங்கிப் போய் வாங்கி, எழுபது வளைவு ஏறி என் மேசையில் வைக்கப்போவது அவர்தான். கார் கிளம்பாவிட்டால் பை வராது.

இதை முதலில் கண்டுபிடித்தது விதி தெரிந்த நான் இல்லை. மனைவிதான்.

"ஏனுங்க," என்றார் கணவரிடம், போர்ட்டிகோவில் என் எதிரிலேயே. "இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த மோட்டாரு எடுக்கலீன்னு சொல்லீருங்களே."

"எடுக்குதே" என்றார் அவர்.

"எடுக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எஞ் சட்டியில கழுவுனதுதான். எடுக்கலீன்னு சொல்லுங்கங்கறேன்."

"நல்லா இருக்கறத எப்பிடிச் சொல்றது?"

மனைவி என்னைப் பார்த்தார். நான், "மழை அதிகமா இருக்கு. பாதையில மண் சரிஞ்சிருக்கலாம். நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு தபால் பையை நாளைக்கு என்று நான் சொன்னது அப்போதுதான்.

"போயிட்டு வந்தர்றனுங்க சார்" என்றார்.

கீழே போகும் பையில் என் கடிதமும் ஒன்று இருந்தது. அன்று காலைதான் எழுதி ஒட்டினேன். அந்த மோட்டாரின் நான்கு கார்பன்களில் இரண்டை இதில் கையொப்பமிட்டுள்ள கண்காணிப்பாளர் தம் இரு கட்டைவிரல்களாலும் பிடித்திருந்தார் என்றும், இந்த உண்மையை முந்தைய கடிதத்தில் தெரிவிக்கத் தவறினார் என்றும், அச்செயல் குற்றமெனில் அவர் மீதும் உரிய நடவடிக்கை எடுக்கலாம் என்றும் எழுதியிருந்தேன். கார் கிளம்பாவிட்டால் இந்தக் கடிதமும் போகாது. எனவே அந்தப் போர்ட்டிகோவில் நின்று, மோட்டார் எடுக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது முழுக்க அவருக்காகத்தான் என்று சொல்ல மாட்டேன்.

சாவியைத் திருகினார். அரைத் திருகல். கார் கிளம்பியது. பனிக்குள் போய் மறைந்தது. மனைவி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "பாவி, அவ்வளவு நல்லாவா செய்யோணும்" என்றார்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். பையை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். நான் அரக்கை உடைத்தேன். ஒவ்வொரு உறையாக எடுத்தேன். அலுவலக வளாகத் தூய்மை பற்றிய சுற்றறிக்கை. மாதாந்திர அறிக்கை தாமதம் பற்றிய நினைவூட்டு. வேறு ஊருக்குப் போக வேண்டிய ஓர் உறை. அவ்வளவுதான். பையைத் தலைகீழாக உதறினேன்.

"இருக்குதுங்களா சார்?" என்றார் மனைவி.

"இல்லைங்க."

அவர் சுவரோரம் அப்படியே நின்றார். 5.45க்குச் சாவியை மேசையில் வைத்தார். மாலை போட்டோம். இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். "எல்லாரும் நல்லா இருங்க" என்றார். கடைசி பஸ்ஸில் இருவரும் ஏறிப் போனார்கள்.

நீக்கம் வரவில்லை என்றாலும் குற்றச்சாட்டு அப்படியே நின்றது. அது முடியும்வரை தற்காலிக ஓய்வூதியம் பெற விதி உண்டு. அதற்கு ஓய்வு பெற்றவர் கேட்டு எழுத வேண்டும். அவர் எழுதுவாரா? நானே விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். என் கடிதத்துக்கும் பதில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று நினைவூட்டுகள் அனுப்பினேன். தன்மீது நடவடிக்கை எடுக்கும்படி நினைவூட்டு அனுப்பிய கண்காணிப்பாளர் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாதா மாதம் மனைவி கூப்பிடுவார். "பேரு வெளுத்துருச்சுங்களா சார்?" அவர் ஒருநாளும் கூப்பிடவில்லை.

மறு வருடம் ஒரு மதியம் பதில் வந்தது. அதை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன். சாரல். வீட்டுக்கு மேலே சில்வர் ஓக் மரத்தடியில் அவர் மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி களைக்கொத்தும் கையுமாக ஓடி வந்தார். அவர் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்ன வந்திருக்கிறது என்று கேட்கவில்லை.

படித்துக் காட்டினேன். ஓட்டுநர் மீதான குற்றச்சாட்டு முற்றிலும் கைவிடப்படுகிறது. கண்காணிப்பாளர் வருங்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்.

"திருடன்னு இல்லீங்களே?"

"இல்லைங்க. ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு."

மனைவி அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "கவனமா இருக்கோணும்னா உங்கள எதுக்குங்க சொல்றாங்க?"

கடிதத்தைக் கணவர் என் கையிலிருந்து வாங்கி, முதல் வரியிலிருந்து தானே படித்தார். என் பெயர் வரும் இடத்தில் நின்றார். பார்வையில் காணும் என் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் பார்த்தார். தான் கடைசியாகக் கொண்டுபோன பை எது என்று அவருக்குத் தெரியும்.

"இவரு உங்கள மாட்டி உடலையே சார்" என்றார் மனைவி. "நீங்களா எழுதுனீங்களா? யாருங்க உங்கள எழுதச் சொல்லிக் கேட்டாங்க?"

"யாரும் கேக்கலீங்க" என்றேன்.

கடிதத்தைப் பிடித்தபடி அவர் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆடி மாதம் பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை.